சத்தத்துக்கு நடுவே போன் பேசும் வேலையா? ஹெட்செட் வாங்கும் முன் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து வாங்கிய முதல் சம்பளத்தில் நான் எடுத்த முதல் பொருள் ஒரு ஹெட்போன். காதை முழுசாக மூடும் வகை. பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாட்டிக்கொண்டதும் உம்லாங்காவில் இருக்கும் எங்கள் கால் சென்டர் அப்படியே அடங்கிப் போன மாதிரி இருந்தது. ஏசி இரைச்சல் காணோம், பக்கத்து வரிசைப் பேச்சு எங்கேயோ தூரத்தில். மூன்றாவது போன் கால், இங்கிலாந்திலிருந்து ஒரு வயதான அம்மா. தன் பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, “உங்கள் பக்கத்தில் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாரே, அவருடைய வாடிக்கையாளருக்குப் பணம் திரும்பக் கிடைத்ததா?” என்று கேட்டார். எனக்கு மங்கிப் போயிருந்த பக்கத்து சீட்டுப் பேச்சு, அவருக்கு வரிக்கு வரி கேட்டிருக்கிறது.

புதிதாக வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நான் செய்த அதே தப்பைத்தான் செய்கிறார்கள். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தத்தைக் குறைப்பது என்பது இரண்டு வேறு வேலை. ஒன்று, உங்கள் காதுக்குள் வெளிச்சத்தம் வராமல் பார்ப்பது. மற்றது, உங்கள் மைக்குக்குள் வெளிச்சத்தம் போகாமல் பார்ப்பது. பெட்டியில் ‘நாய்ஸ் கேன்சலிங்’ என்றோ, சுருக்கமாக ‘ஏஎன்சி’ என்றோ போட்டிருந்தால் அது பெரும்பாலும் முதல் வேலையைத்தான் சொல்கிறது. அதில் உங்களுக்குத்தான் சுகம், எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. போனில் பேசிப் பிழைக்கிறவனுக்கு முக்கியம் இரண்டாவது வேலை. பாட்டுக் கேட்க வாங்கும் ஹெட்போனையும் பேச வாங்கும் ஹெட்செட்டையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

முதலில் உங்கள் இடத்துச் சத்தத்தைக் கேளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நாள், வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில், உங்கள் இருக்கையில் இருந்தபடி போனில் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து அமைதியாக உட்கார்ந்து கேட்டால், இத்தனை நாள் பழகிப்போய் காதில் விழாமல் இருந்ததெல்லாம் அதில் இருக்கும். என்ன கேட்கிறது?

மனிதப் பேச்சுதான் அதிகம் என்றால் உங்களுடையது கால் சென்டர் வகைச் சத்தம். ஹெட்செட்டுக்கு இதைவிடக் கஷ்டமான சத்தம் கிடையாது. உங்கள் குரலும் பக்கத்தில் இருப்பவர் குரலும் ஒரே வகை ஒலி என்பதால், எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று கருவிக்குக் குழப்பம். டர்பனில் பல சென்டர்கள் இங்கிலாந்துக் கால்களை எடுப்பவை. அங்கே நம்மைவிட அவர்களுடைய கோடையில் ஒரு மணி நேரமும் அவர்களுடைய குளிர்காலத்தில் இரண்டு மணி நேரமும் பிந்தி இருப்பதால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேலும் ஃப்ளோர், அதாவது எல்லாரும் உட்கார்ந்து கால் எடுக்கும் கூடம், நிறைந்தே இருக்கும்.

ஒரே சீராக ‘உம்ம்’ என்று ஓடும் சத்தம், அதாவது ஜெனரேட்டர், ஏசி, குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரசர், இந்த மாதிரி இருந்தால் பரவாயில்லை. அதைச் சமாளிப்பது சுலபம். ஏஎன்சி தன் திறமையைக் காட்டுவதே இப்படிப்பட்ட தாழ்ந்த, மாறாத இரைச்சலில்தான்.

மூன்றாவது, திடீர் திடீரென்று வெடிக்கும் சத்தம். துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும், பட்டறை வரவேற்பில் போன் எடுப்பவர்களுக்கும் இது தெரியும். இரும்பில் சுத்தியல் விழும் அடி, ரிவர்ஸ் எடுக்கும் ஃபோர்க்லிஃப்டின் ‘பீப் பீப்’, வாசலில் ஆள் கூப்பிடும் மினிபஸ் டாக்ஸியின் ஹாரன். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இதோடு ஹாடிடாவும் சேரும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது அரிவாள் மூக்கன் வகைப் பறவை. விடியற்காலையில் கூட்டமாகப் பறந்துகொண்டே கத்தினால் யாரோ அலறுவது மாதிரி இருக்கும். என் சக ஊழியர் ஒருவரிடம் வாடிக்கையாளர், “அங்கே எல்லாரும் நலமா?” என்று பதறிப் போய்க் கேட்டிருக்கிறார்.

மைக்தான் உயிர்

சத்தமான இடத்துக்கு வாங்கினால் வாய்க்கு அருகே நீண்டு வரும் கம்பி மைக் இருக்கிற ஹெட்செட்டாகவே வாங்குங்கள். பூம் மைக் என்பார்கள். காதுக்குள் செருகும் குட்டி இயர்பட்ஸ் பார்க்க அழகுதான். ஆனால் அதன் மைக் உங்கள் காதருகே உட்கார்ந்து, அரை சாண் தூரத்தில் இருக்கும் வாயைக் கேட்க முயல்கிறது. கணக்கு இப்படிப் போகிறது: வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு மடங்கானால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். அறையின் இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும். 2 சென்டிமீட்டரில் இருக்கும் மைக்கை 8 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் 12 டெசிபல் போச்சு. எத்தனை விலை உயர்ந்த மென்பொருள் வந்தாலும் அந்த நஷ்டத்தை முழுசாக ஈடுகட்டாது.

நல்ல பூம் மைக்கைக் கூர்ந்து பாருங்கள். முன்பக்கம் ஒரு துளை, பின்பக்கம் ஒரு துளை. தூரத்துச் சத்தம் இரண்டு துளைக்குள்ளும் ஏறக்குறைய ஒரே அளவில் நுழைந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். உங்கள் குரல் பக்கத்திலிருந்து வருவதால் முன்துளையில்தான் பலமாக விழும், அது தப்பிக்கும். விஷயம் அவ்வளவுதான். இதனாலேயே மைக் திரும்பி இருந்தால் எல்லாம் கெட்டது. சில மாடல்களில் வாயைப் பார்க்க வேண்டிய பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளியோ கோடோ இருக்கும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஹெட்செட் எடுத்துக் கொடுக்கும் வேலை இப்போது என்னுடையது. “மைக் சரியில்லை அண்ணா” என்று வருகிற புகாரில் பாதியை, மைக்கைத் திருப்பி வைத்தே தீர்த்திருக்கிறேன்.

எங்கே வைப்பது? எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் எங்கள் டீமில் இருந்த, டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா. கோயிலில் தேவாரம் பாடுவார், தமிழில் பேசச் சொன்னால் வெட்கப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். “தம்பி” என்று கூப்பிட்டு, தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து என் வாயோரத்தில் பக்கவாட்டாக வைத்தார். அந்த இரண்டு விரல் அகலம்தான் இடைவெளி. உதட்டுக்கு நேர் முன்னால் வைக்கக் கூடாது, வாயின் ஓரத்தில், கொஞ்சம் கீழே. நேரே வைத்தால் ‘ப’ சொல்லும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதிப் ‘புஸ்’ என்று அடிக்கும், மூச்சு விடுவதும் கேட்கும். மைக் நுனிக்குப் பஞ்சுக் குல்லா கொடுத்திருந்தால் கழற்றிப் போடாதீர்கள்.

இப்போது வரும் பல ஹெட்செட்டுகளில் இரண்டு மூன்று மைக் வைத்து, மென்பொருளும் சேர்த்துப் பேச்சைப் பிரித்தெடுக்கிறார்கள். டீம்ஸ், ஜூம் போன்ற செயலிகளும் தங்கள் பங்குக்கு இரைச்சலை வடிகட்டும். நல்லதுதான், ஆனால் இரண்டு வடிகட்டியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் சில சமயம் சொல்லின் முதல் எழுத்தையே விழுங்கிவிடும். எண்கள் சொல்லும் வேலையில் இது ஆபத்து. ஹெட்செட்டில் நல்ல மைக் இருந்தால் செயலியில் இருக்கும் வடிகட்டலைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

காதுப் பக்கம்

ஒரு காதுக்கு மட்டுமா, இரண்டு காதுக்குமா என்பது அடுத்த கேள்வி. பேச்சுச் சத்தம் நிறைந்த இடம் என்றால் இரண்டு காதும் மூடியது எடுங்கள். ஒரு காது திறந்திருந்தால் அந்தக் காது பக்கத்து மேசைக் கதையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். நீங்களும் உங்களை அறியாமல் குரலை உயர்த்துவீர்கள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரும் உயர்த்துவார், மதியத்துக்குள் மொத்த ஃப்ளோரும் சந்தைக்கடை. ஒரு காது மாடல் யாருக்கு? நேரில் வரும் ஆளுக்கும் பதில் சொல்ல வேண்டிய வரவேற்பாளருக்கு. யார்டில் நடமாடுகிறவருக்கு இன்னும் கட்டாயம், பின்னால் வண்டி வருவது அவருக்குக் கேட்டாக வேண்டும்.

காதின் மேல் உட்காரும் வகை லேசானது, காதைச் சுற்றி மூடும் வகை சத்தத்தை நன்றாகத் தடுக்கும். ஆனால் டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் காதை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். ஏசி நன்றாக ஓடும் அலுவலகம் என்றால் சரி, தகரக் கூரைக் கிடங்கு என்றால் துணி உறை போட்ட பஞ்சு தேவலை.

நம்மவர்களுக்கு இன்னும் இரண்டு சங்கதி. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். தடித்த ஃபிரேமின் காம்பு பஞ்சுக்கும் தலைக்கும் நடுவில் சந்து உண்டாக்கும், அந்தச் சந்து வழியாகத்தான் சத்தம் வரும். ஒரு மணி நேரம் கழித்து நெற்றிப்பொட்டில் வலியும் வரும். ஜிமிக்கி, தொங்கட்டான் போடுகிறவர்களுக்குக் காதின் மேல் அழுத்தும் வகை வேண்டவே வேண்டாம். தோட்டின் திருகாணி கழுத்துப் பக்கம் குத்துவதோடு, தலையை ஆட்டும்போது ஜிமிக்கி மைக் கம்பியில் உரசும் ஓசை எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கும். கொண்டை போடுகிறவர்கள் தலைப்பட்டை எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைட்டோன் என்று ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் குரலைக் கொஞ்சமாக உங்கள் காதுக்கே திருப்பிக் கொடுக்கும் வசதி. இரண்டு காதையும் மூடிவிட்டால் நம் குரல் நமக்கே சரியாகக் கேட்காது, கத்த ஆரம்பிப்போம். சைட்டோனைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் குரல் தானாக இறங்கும். இதைப் பற்றிக் கடைக்காரர்கள் பேசுவதே இல்லை.

காதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 85 டெசிபல் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம் வேலையிடச் சத்தத்துக்கு வைத்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேர வேலையைக் கணக்கில் கொண்டது. அதற்கு மேல் 3 டெசிபல் ஏறினால், காது தாங்கும் நேரம் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் பேசக்கூடக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பட்டறையில் சாதாரண ஹெட்செட்டைக் காதுக்கவசமாக நினைத்துவிடாதீர்கள். ஏஎன்சி இருந்தாலும் அது காதுக்கவசம் ஆகாது. கவசத்துக்குள்ளேயே ஸ்பீக்கரும் மைக்கும் வைத்த தொழிற்சாலை வகை தனியாக இருக்கிறது, பெல்டர் என்ற பெயரில் வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதை முதலாளியிடம் கேட்டு வாங்குங்கள், சத்தம் அந்த வரம்பைத் தொட்டால் காதுப் பாதுகாப்புக்கு வழி செய்ய வேண்டியது அவர் கடமை. கன்னத்து எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்செட்டும் சந்தையில் உண்டு. காது திறந்தே இருப்பதால், சத்தம் மிகுந்த இடத்தில் அதில் பேச்சு எடுபடாது.

எதில் செருகப் போகிறீர்கள்?

இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பொருந்தாமல் டிராயரில் போட்டு வைத்திருப்பவர்கள் ஏராளம். வேலையில் நீங்கள் பேசப்போகும் கருவியைத் திருப்பி, துளையைப் பாருங்கள்.

கணினியில் பேசும் வேலை என்றால் யூஎஸ்பி ஒயர் ஹெட்செட். கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். சார்ஜ் போட வேண்டாம், விட்டு விட்டுக் கேட்காது, மலிவும்கூட. லேப்டாப்பில் பழைய அகன்ற துளையா, புதிய சி வகையா என்று மட்டும் பாருங்கள். 3.5 மி.மீ. முனை என்றால் அதிலுள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் மைக்கும் சேர்த்து வேலை செய்யும், இரண்டுதான் என்றால் கேட்க மட்டும். பழைய மேசைக் கணினியில் மைக்குக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று என்று இரண்டு துளை இருக்கும். அதற்குப் பிரிப்பான் ஒயர் தேவை.

மேசைத் தொலைபேசி என்றால் கொஞ்சம் தலைவலி. ரிசீவர் ஒயர் மாட்டும் அந்தச் சின்னச் சதுர முனைக்கு ஆர்ஜே9 என்று பெயர். முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே இருக்கும் நாலு கம்பியின் வரிசை போனுக்குப் போன் மாறும். மாட்டினால் மாட்டும், சத்தம்தான் வராது. போனின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதற்குரிய ஒயரையே கேளுங்கள். கால் சென்டர்களில் ஒயரின் நடுவே பிரித்து மாட்டும் இணைப்பு ஒன்று இருக்கும், நாங்கள் க்யூடி என்போம். சாப்பிடப் போகும்போது ஹெட்செட்டைத் தலையிலிருந்து எடுக்காமல் அப்படியே பிரித்துக்கொண்டு எழலாம். ஹெட்செட் கம்பெனிகளான ஜாப்ராவின் க்யூடியும் பிளான்ட்ரானிக்ஸின் க்யூடியும் ஒன்றோடு ஒன்று சேராது. இரவல் வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும். பிளான்ட்ரானிக்ஸ் இப்போது பாலி என்ற பெயரில் வருகிறது, 2022 முதல் எச்பி நிறுவனத்தின் கையில். 1969-இல் ஆம்ஸ்ட்ராங் நிலவிலிருந்து பேசியது அவர்கள் செய்த ஹெட்செட்டில்தான். அங்கே இரைச்சல் குறைவு, அதனால் அதை நம் ஃப்ளோருக்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒயர் இல்லாமல் நடமாட வேண்டும் என்றால் ப்ளூடூத் அல்லது டெக்ட் (வீட்டுக் கார்ட்லெஸ் போன்களில் இருக்கும் அதே முறை). சாதாரண ப்ளூடூத்தில் மைக் ஓடத் தொடங்கியதும் ஒலித் தரம் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பாட்டுக்குத் தேன் மாதிரி இருந்த ஹெட்போன் காலில் தகர டப்பா மாதிரி கேட்பதற்கு இதுதான் காரணம், பொருள் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். வைஃபை ஓடும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் ப்ளூடூத்தும் ஓடுவதால், நூறு பேர் இருக்கும் கூடத்தில் இடிபடும். வாங்கினால் யூஎஸ்பியில் செருகும் தனி டாங்கிளோடு வருவதை வாங்குங்கள், லேப்டாப்பின் உள் ப்ளூடூத்தை நம்பாதீர்கள். டெக்ட் வேறு அலைவரிசையில் ஓடுகிறது, தூரமும் அதிகம். கிடங்கு அலுவலகத்திலிருந்து அடுக்குகள் வரை நடந்துகொண்டே பேசலாம்.

டெக்ட் ஹெட்செட்டோடு பேசும் பெட்டியான அடித்தளம் சுவரில் செருகுவதா, லேப்டாப்பின் யூஎஸ்பியில் ஓடுவதா என்று பாருங்கள். 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நான் பட்ட பாடு இது. மின்சாரம் போனதும் லேப்டாப் பேட்டரியில் ஓடியது, இணையமும் யுபிஎஸ்ஸில் இருந்தது, சுவரில் செருகிய அடித்தளம் மட்டும் செத்துப் போய், பாதிக் காலில் வாடிக்கையாளர் காணாமல் போனார். இப்போது மின்வெட்டு வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் அன்றிலிருந்து என் டிராயரில் ஒரு மலிவான யூஎஸ்பி ஒயர் ஹெட்செட் தூங்கிக்கொண்டே இருக்கிறது. ஊரிலிருந்து சார்ஜர் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று: இங்கே சுவரில் இருப்பது நம் ஊர் ஏசி, ஃபிரிட்ஜுக்கு இருக்குமே, அந்தப் பெரிய மூன்று உருண்டை முனைத் துளை. சின்னப் பிளக் அதில் நிற்காது.

மிக்ஸி சோதனை

வாங்கிய அன்றே வீட்டில் இதைச் செய்யுங்கள். ஹெட்செட்டை மாட்டி, வாட்ஸப்பில் நண்பருக்கு ஒரு குரல் செய்தி பதிவு செய்யுங்கள். முதல் பத்து நொடி அமைதியில், ஒரு தொலைபேசி எண்ணையும் ஒரு முகவரியையும் படியுங்கள். அடுத்த பத்து நொடி சமையலறையில் மிக்ஸி ஓடும்போது அதே எண், அதே முகவரி. மூன்றாவது, ரேடியோவில் லோட்டஸ் எஃப்எம் பேச்சு நிகழ்ச்சியை நல்ல சத்தமாக வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் வைத்துவிட்டுப் படியுங்கள். பிறகு நீங்களே கேளுங்கள். மிக்ஸியை எல்லா ஹெட்செட்டும் ஓரளவு அடக்கும். ரேடியோக்காரர் பேசுவது உங்கள் பதிவில் சொல்லுக்குச் சொல் புரிந்தால், அந்த ஹெட்செட் கால் சென்டருக்கு ஆகாது. குறிப்பாக எண்களைக் கவனியுங்கள்: ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா? நண்பரிடமும் அந்த எண்ணை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். சரியாக வந்தால் தேறியது.

அப்புறம் இரண்டு மணி நேரம் தலையிலேயே வைத்திருங்கள். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்க்கும்போது எல்லா ஹெட்செட்டும் சுகமாகத்தான் இருக்கும்.

வாங்கும்போது

உங்கள் காசைத் தொடும் முன் டீம் லீடரிடம் கேளுங்கள், பல இடங்களில் நிறுவனமே தரும். சில இடங்களில் வெளி ஹெட்செட்டைக் கணினியில் செருக அனுமதியே கிடையாது.

கிரே ஸ்ட்ரீட் என்று இன்னும் எல்லாரும் சொல்லும் டாக்டர் யூசுப் தாதூ ஸ்ட்ரீட் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கலாம், பேரம் பேசலாம். ஆனால் பிராண்டு பெயர் போட்டும் நம்ப முடியாத மலிவு என்றால் நம்பாதீர்கள். ரசீது கட்டாயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளில் குறை இருந்தால் வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று சொல்லும் உரிமை உங்களுடையது. “மாற்றித்தான் தருவோம், பணம் தர மாட்டோம்” என்று பலகை வைத்திருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். இணையத்தில் வாங்கினால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பி அனுப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்கள் தலையில். மிக்ஸி சோதனையை முதல் நாளே செய்யச் சொன்னது இதனால்தான்.

அந்த மாடலுக்கு உதிரிப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள். பஞ்சு மாற்ற முடியாத ஹெட்செட் ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவதை நான் பார்த்ததில்லை. அதற்குக் காரணம் பாதி டர்பன் வியர்வை, மீதி நம் தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நேரே ஷிஃப்டுக்கு வந்தால், பஞ்சின் மேல் இருக்கும் செயற்கைத் தோல் சில மாதங்களில் பொரிந்து, கறுப்புத் துகளாகக் கழுத்தில் உதிரும். எண்ணெய் வைப்பதை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது துணி உறை வாங்கி மாட்டி வாரம் ஒரு தடவை துவைத்துப் போடுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் லேசாக ஈரத் துணியால் துடைத்து, மைக் கம்பியை மேலே மடக்கி, ஒயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். தலைப்பட்டையின் உள்பக்கம் மார்க்கரில் பெயரையும் எழுதிவிடுங்கள். காலை ஷிஃப்ட்காரர் உங்களுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு, மைக்கை வேறு திசைக்குத் திருப்பிவிட்டுப் போயிருப்பார்.